துடுப்பு வாளாக மாறிய இடம்: ரொமான்டிக் கால ஓவியங்களில் புராண வீரனும் தேசமும்

ஃபின்லாந்தின் துர்கு நகரக் கலைக்கூடத்தில் 1896இல் வரையப்பட்ட ஓர் ஓவியம் இருக்கிறது. கொந்தளிக்கும் நீரில் ஒரு படகு. வானத்திலிருந்து ஒரு கிழவி, பாதி மனுஷியும் பாதிக் கழுகுமாக, சிறகை விரித்து நகத்தை நீட்டிப் பாய்கிறாள். படகில் நிற்கும் முதியவரின் வெண்தாடி காற்றில் பறக்கிறது. அவர் அவளை வெட்ட வாளை ஓங்கியிருக்கிறார். அக்ஸேலி கல்லேன்-கல்லேலா வரைந்த 'சம்போவைக் காத்தல்' என்ற ஓவியம் இது. சம்போ என்பது ஒரு மாய ஆலை. ஃபின்லாந்தின் தேசிய ஓவியங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இதற்கு ஓர் இடம் உண்டு.

ஓவியத்துக்கு மூலம் 'கலேவலா' என்ற காவியம். அதன் 43ஆம் பாடலைப் படித்துவிட்டு மீண்டும் ஓவியத்தின் முன் நின்றால் ஒன்று உறுத்தும். பாடலில் வாளை உருவுபவன் லெம்மின்கைனன் என்ற துடுக்கான இளைஞன். முதியவர் வைனாமொயினன், படகின் சுக்கான் துடுப்பை நீரிலிருந்து இழுத்து அதனால்தான் கழுகின் நகங்களை நொறுக்குகிறார். அதற்கு முன்பு, "சம்போவை நாம் இருவரும் பங்கிட்டுக்கொள்வோமா?" என்று அந்தக் கிழவி லொவ்ஹியிடம் சமாதானமும் பேசிப் பார்க்கிறார். ஓவியத்தில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. துடுப்பு எடுத்த கை வாளெடுத்து நிற்கிறது.

ஓவியர் கதையைத் தெரியாமல் மாற்றவில்லை. கலேவலாவை வரிவரியாக அறிந்தவர் அவர். அவருடைய காலத்துக்கு வாள் தேவைப்பட்டது. புராண வீரனின் உருவம் ஒரு தேசத்தின் அடையாளமாக எப்படி மாறுகிறது என்பதை இந்த ஒரு மாற்றத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம். கலை வரலாற்றுக்குப் புதியவர்களுக்காக அதைத்தான் இங்கே விளக்குகிறேன்.

வீரன் கிரேக்கனாக இருந்த காலம்

18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை ஐரோப்பிய ஓவியப் பள்ளிகளில் வீரன் என்றால் அவன் கிரேக்கன் அல்லது ரோமானியன். விவிலியம் ஒருபுறம், ஹெர்குலிஸும் அக்கிலிஸும் மறுபுறம். பாரிஸில் படித்தாலும் கோபன்ஹேகனில் படித்தாலும் மாணவன் முதலில் வரைந்து பழகியது பழைய பளிங்குச் சிலைகளின் அச்சுகளைப் பார்த்துத்தான். 1784இல் ஜாக்-லூயி டேவிட் 'ஹொரேஷியர்களின் சபதம்' என்று ரோமானியக் கதையொன்றை வரைந்தபோது, ஒரு பிரெஞ்சுக்காரர் ஏன் ரோமாபுரிக்குப் போக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ரோமானிய வீரம் மனிதகுலம் முழுமைக்கும் பொதுச்சொத்து என்பது அன்றைய நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை அசைத்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மானியச் சிந்தனையாளர் யோஹான் காட்ஃப்ரீட் ஹெர்டர். ஒவ்வொரு மக்களுக்கும் தமக்கே உரிய ஓர் உள்ளுயிர் உண்டு, அது அரண்மனை நூலகங்களில் அல்ல, எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர்களின் பாட்டிலும் கதையிலும் வாழ்கிறது என்று அவர் எழுதினார். 1778, 1779ஆம் ஆண்டுகளில் பல இனத்தாரின் நாட்டார் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். இன்று நமக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். அன்றைக்கு இது தலைகீழ் மாற்றம். கீழே இருந்தவனின் பாட்டு மேலே வந்தது.

அதைத் தொடர்ந்து வந்த ரொமான்டிக் இயக்கம் ஒழுங்கைவிட உணர்ச்சியை, பளிங்கைவிடப் பனிமூட்டத்தை, பொதுவானதைவிடத் தனக்கே உரியதை நேசித்தது. நெப்போலியனின் படைகள் ஐரோப்பாவைப் புரட்டிப் போட்டபோது, தோற்ற நாடுகளுக்கு அந்தத் 'தனக்கே உரியது' உயிர்ப் பிரச்சினையாகிவிட்டது. அரசும் எல்லையும் கைவிட்டுப் போன இடத்தில், எந்தப் படையாலும் பிடித்துக்கொண்டு போக முடியாத ஒன்றைப் பற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. பழைய வீரர்கள் அப்படித்தான் எழுந்து வந்தார்கள்.

ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் 1812இல் வரைந்த 'பண்டை வீரர்களின் கல்லறைகள்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஹாம்பர்க் கலைக்கூடத்தில் இருக்கிறது. பாறைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் சில கல்லறைகள். உடைந்து கிடக்கும் ஒன்றில் ஆர்மினியஸின் பெயர். கி.பி. 9இல் ரோமானியரின் மூன்று படைப்பிரிவுகளைக் காட்டுக்குள் அழித்த ஜெர்மானியத் தலைவன் அவன். பின்னணியில், குகை வாயிலில், பிரெஞ்சு வீரர்கள் இருவர் சிற்றெறும்புகளாக நிற்கிறார்கள். வீரன் படத்தில் இல்லவே இல்லை. அன்று ரோமானியரைத் துரத்தியவனின் மண்ணில் இன்று பிரெஞ்சுக்காரன் நிற்கிறான் என்பதைப் பார்ப்பவரே இணைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். அடக்குமுறைக் காலத்தில் இதைவிடத் தெளிவாகப் பேச வழியில்லை.

அதே ஆர்மினியஸ், 1871இல் ஜெர்மனி ஒன்றுபட்ட பிறகு, 1875இல் காட்டின் நடுவே 50 மீட்டருக்கும் மேல் உயர்ந்த நினைவுச்சின்னமாக எழுந்து நிற்கிறான். கையில் ஏழு மீட்டர் வாள். ஜெர்மானிய ஒற்றுமையே என் வலிமை என்பது அதில் பொறித்த வாசகத்தின் கருத்து. ஒரே வீரன் தோல்விக் காலத்தில் உடைந்த கல்லறையாகவும் வெற்றிக் காலத்தில் ஓங்கிய வாளாகவும் வருகிறான். வீரனைவிட அவனைக் கூப்பிட்ட காலத்தைப் பற்றியே இந்த உருவங்கள் அதிகம் சொல்கின்றன.

ஒரு போர், இரண்டு புராணங்கள்

ஃபின்லாந்துக்கு வருவோம். 1809 வரை அது சுமார் ஆறு நூற்றாண்டுகளாக ஸ்வீடனின் பகுதி. 1808-09 போரில் ரஷ்யா அதை ஸ்வீடனிடமிருந்து பறித்தது. ஜார் மன்னர் முதலாம் அலெக்சாண்டர் அதைத் தன்னாட்சி உள்ள தனிப் பகுதியாக வைத்துக்கொண்டார். பழைய சட்டங்கள் தொடர்ந்தன.

இந்த ஒரே போர் இரண்டு கரைகளிலும் புராணத் தேடலைத் தொடங்கிவைத்தது. நாட்டின் கிழக்குப் பகுதியை இழந்த ஸ்வீடனில் 1811இலேயே 'கோதிக் சங்கம்' தோன்றியது. பழைய வைக்கிங் காலத்து வீரத்தை மீட்டெடுத்தால் நொறுங்கிய நாட்டுக்கு முதுகெலும்பு கிடைக்கும் என்று அதன் கவிஞர்களும் அறிஞர்களும் நம்பினார்கள். ஓடின், தோர் போன்ற கடவுளர் ஸ்வீடன் சிற்பத்திலும் ஓவியத்திலும் நிறையத் தோன்றியதற்கு இதுவே ஊற்று. 1872இல் மோர்டென் எஸ்கில் விங்கே வரைந்த, சம்மட்டியை ஓங்கி அரக்கரோடு பொரும் தோரின் பெரிய ஓவியம் இன்றும் ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மறுகரையில் நிலைமை கடினம். ஃபின்லாந்தில் ஆட்சிமொழி, பல்கலைக்கழக மொழி, படித்தவர் வீட்டு மொழி எல்லாமே ஸ்வீடிஷ். ஃபின்னிஷ் உழவர்களின் மொழி. அதில் சமய நூல்கள் இருந்தன, பெருமையாக எடுத்துக் காட்ட இலக்கியம் என்று பெரிதாக எதுவும் அச்சில் இல்லை. இனி நாம் ஸ்வீடன்காரர் இல்லை, ரஷ்யராக விரும்பவும் இல்லை, அப்படியானால் யார் என்ற கேள்வி எழுந்தபோது, கையில் இருந்தது வாய்மொழிப் பாடல்கள் மட்டும்தான்.

1831இல் ஹெல்சின்கியில் ஃபின்னிஷ் இலக்கியச் சங்கம் தொடங்கியது. எலியாஸ் லொன்ரொத் என்ற மருத்துவர், தையல்காரரின் மகன், பாடல் சேகரிக்கக் கிழக்கு எல்லைக்கு அப்பால் கரேலியாவுக்கு மீண்டும் மீண்டும் பயணம் போனார். 1834இல் லத்வயார்வி என்ற ஊரில் அர்ஹிப்பா பெர்த்துனென் என்ற பாடகரிடமிருந்து மட்டும் 4,000 வரிகளுக்கு மேல் எழுதியெடுத்தார். கேட்ட பாடல்கள் தனித்தனியானவை, ஒரே கதைக்குப் பல வடிவங்கள். உதிரிப்பூக்களை மாலையாகத் தொடுப்பது போல லொன்ரொத் அவற்றை வரிசைப்படுத்தி, இணைத்து, இடையே வேண்டிய வரிகளைச் சேர்த்து ஒரு காவியமாக்கினார். 1835இல் முதல் வடிவம் 32 பாடல்கள், 12,000 வரிகளுக்குச் சற்று மேல். 1849இல் வந்த இன்றைய வடிவம் 50 பாடல்கள், 22,795 வரிகள். முதல் வடிவத்தின் முன்னுரையில் அவர் தேதியிட்ட பிப்ரவரி 28 இன்று அந்த நாட்டில் கலேவலா நாள்.

நாயகர்களை ஒருமுறை அறிமுகப்படுத்திவிடுகிறேன். வைனாமொயினன் பிறக்கும்போதே முதியவர், பாட்டால் மந்திரம் செய்பவர். அவருடைய இசைக்கருவி கந்தேலே, பெரிய மீனொன்றின் தாடையெலும்பில் செய்தது. இல்மரினன் கொல்லன். லெம்மின்கைனன் அழகன், அவசரக்காரன். குல்லர்வோ அடிமையாக விற்கப்பட்ட, யாருமற்ற பையன். வடநாட்டுத் தலைவி லொவ்ஹி. சம்போ இல்மரினன் செய்த மாய ஆலை. மாவும் உப்பும் பணமும் அரைத்துத் தள்ளும். அதைத் தெற்கிலிருந்து போன இந்த வீரர்கள் கவர்ந்துவர, லொவ்ஹி துரத்த, சண்டையில் அது கடலில் விழுந்து உடைகிறது.

இந்த வீரர்களைத் தோர், ஆர்மினியஸ் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். வைனாமொயினன் காதலில் தோற்கிறார், கடைசியில் நாட்டைவிட்டே போகிறார். லெம்மின்கைனன் வெட்டுண்டு ஆற்றில் வீசப்படுகிறான். குல்லர்வோ தன் வாள்மேல் விழுந்து சாகிறான். கைப்பற்றிய செல்வம் கடலுக்குள் போகிறது. வெற்றிப் பட்டியல் இல்லாத இந்தக் காவியத்தைத்தான் ஒரு தேசம் தன் முகமாக ஏற்றுக்கொண்டது. எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த விஷயம் இதுதான். பெரிய அரசுகளுக்கு நடுவே சிக்கிய சிறிய மக்களுக்கு, துயரத்தைப் பாட்டாக மாற்றத் தெரிந்த கிழவர் மற்றவர்களின் வெற்றி வீரர்களைவிடப் பொருத்தமாக இருந்திருக்கிறார்.

முகம் எங்கிருந்து வந்தது?

காவியம் அச்சானதால் மட்டும் வீரனுக்கு முகம் வந்துவிடுவதில்லை. வைனாமொயினனின் தாடி எவ்வளவு நீளம், உடை என்ன நிறம், அவர் நிற்கும் காடு எந்தக் காடு? கவிதை இவற்றை முழுமையாகச் சொல்லாது. ஓவியன் ஏதாவதொன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். தேசியம் தன் வேலையைச் செய்வது இந்தச் சின்னச் சின்னத் தேர்வுகளில்தான்.

முதல் தலைமுறையில் ராபர்ட் வில்ஹெல்ம் ஏக்மன் வைனாமொயினனை வரைந்தார். அவர் வளர்ந்தது பழைய பள்ளிப் பயிற்சியில். 1866இல் ஹெல்சின்கி மாணவர் மாளிகைக்காக அவர் முடித்த பெரிய ஓவியத்தில் வைனாமொயினன் கந்தேலே வாசிக்க எல்லா உயிர்களும் கேட்கின்றன. கிரேக்கப் பாடகன் ஆர்ஃபியூஸின் சாயல் அதில் அப்படியே தெரியும். கதை ஃபின்லாந்தினுடையது, உடல் இன்னும் கிரேக்கம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. புதிய வீரனை மதிப்போடு காட்ட அவருக்குத் தெரிந்த ஒரே உயர்ந்த மொழி அதுவாக இருந்தது.

கல்லேன்-கல்லேலா 1865இல் போரி நகரில், ஸ்வீடிஷ் பேசும் குடும்பத்தில், அக்செல் கல்லேன் என்ற பெயரில் பிறந்தவர். 1884இல் பாரிஸுக்குப் படிக்கப் போனார். அங்கே அன்றைய இளைஞர்கள் கண்ணால் கண்டதைக் கண்டபடி வரையும் யதார்த்த முறையில் மூழ்கியிருந்தார்கள். இவரும் அதையே கற்றார். 1889இல் பாரிஸில் இருந்தபடியே கலேவலாவின் ஐனோ கதையை மூன்று பலகை ஓவியமாக வரைந்தார். ஐனோ, தன் விருப்பமில்லாமல் கிழவர் வைனாமொயினனுக்கு வாக்களிக்கப்பட்ட பெண். நீரில் மூழ்கிப் போகிறாள். பின் மீனாக அவர் வலையில் சிக்கி, யார் என்று சொல்லிவிட்டு நழுவிவிடுகிறாள்.

1890இல் திருமணம் முடிந்த கையோடு மனைவி மேரியுடன் கரேலியப் பகுதிகளுக்குப் பயணம் போனார். மரவீடுகளைப் பார்த்தார், செதுக்கு வேலைகளையும் உடைகளையும் குறித்துக்கொண்டார், பாடல் மரபில் வளர்ந்த மனிதர்களின் முகங்களை வரைந்தார். 1891இல் ஐனோ ஓவியத்தை மீண்டும் ஒருமுறை முழுவதுமாக வரைந்தார். இன்று ஹெல்சின்கியின் அதெனியும் கலைக்கூடத்தில் இருப்பது இந்த இரண்டாம் வடிவம். இசையமைப்பாளர் சிபெலியஸ் 1892இல், புகைப்படக் கலைஞர் இன்ஹா 1894இல் என்று பலரும் அதே வழியில் கரேலியாவுக்குப் போனார்கள். அங்கே கண்ட பொருள்களே ஓவியங்களில் பழங்கால வீரர்களின் வீட்டுப் பொருள்களாயின. 1890களின் உழவர் வீட்டு மரச்செம்பு ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய நாயகனின் கையில் ஏறியது.

இதில் வரலாற்றுத் துல்லியம் எவ்வளவு என்று கேட்டால், அதிகம் இல்லை. இது பொய்யா என்று கேட்டால், அப்படிச் சொல்ல மாட்டேன். பழைய வீரனின் வாழ்க்கையும் இன்றைய ஏழைக் குடியானவனின் வாழ்க்கையும் ஒரே நூல் என்று ஓவியர் சொல்கிறார். படித்த நகரத்தார் ஏளனமாகப் பார்த்த மனிதன் காவிய வாரிசாக உயர்ந்து நிற்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை.

ரொமான்டிக் காலம் என்று பாடநூல்கள் குறிப்பது பெரும்பாலும் 1780 முதல் 1850 வரை. இந்த ஓவியங்களோ 1890களைச் சேர்ந்தவை. ஐரோப்பாவின் ஓரங்களில், நாடு என்ற கேள்வி தாமதமாகக் கொதித்த இடங்களில், அதே உணர்வு பிந்திப் பூத்தது. இதைத் தேசிய ரொமான்டிசிசம் என்று தனியாகக் குறிப்பிடுவது வழக்கம்.

ஓர் ஓவியத்தின் முன் நிற்போம்

1895இல் கல்லேன்-கல்லேலா பெர்லினில் நார்வே ஓவியர் எட்வர்ட் மன்க்குடன் சேர்ந்து ஓவியக் கண்காட்சி நடத்திக்கொண்டிருந்தபோது அவருடைய சின்ன மகள் மர்யத்தா டிப்தீரியா என்ற தொண்டை அடைப்பான் நோயில் இறந்தாள். அதன்பின் அவர் கை மாறியது. நிழலும் ஒளியும் கலந்த யதார்த்தம் போய், தட்டையான நிறங்களும் கெட்டியான கோடுகளும் வந்தன. துயரம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஐரோப்பாவில் குறியீட்டு ஓவியம் வேகம் பிடித்த நேரமும் அது. ஆனால் 1897இல் அவர் வரைந்த 'லெம்மின்கைனனின் தாய்' ஓவியத்தை மகளை இழந்த தகப்பனின் ஓவியமாகப் பார்க்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

கதை இது. மரணலோகத்து ஆறான துவோனிக்கரையில் லெம்மின்கைனன் கொல்லப்பட்டு, துண்டுதுண்டாக வெட்டி நீரில் வீசப்படுகிறான். தாய் தேடி வருகிறாள். கொல்லன் இல்மரினனிடம் பெரிய வாருகோல் ஒன்றைச் செய்து வாங்கி, ஆற்றைத் துழாவி, உடல் துண்டுகளை வாரி எடுத்து, ஒன்றோடொன்று பொருத்துகிறாள். உடல் சேர்ந்துவிட்டது, உயிர் இல்லை. வானத்துக்குப் போய் மருந்துத் தேன் கொண்டுவரச் சொல்லி ஒரு தேனீயை அனுப்பியிருக்கிறாள்.

ஓவியர் பிடித்தது இந்தக் காத்திருக்கும் கணத்தை. கூழாங்கற்கள் நிறைந்த கரையில் மகன் வெளிறிக் கிடக்கிறான். ஆற்று நீர் கருமை. அதில் அன்னம். கரையில் எலும்புகளும் மண்டையோடுகளும். தாய் குனிந்து அழவில்லை. மகன் பக்கத்தில் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தி, மேலே பார்க்கிறாள். மேலிருந்து பொன்னிறக் கதிர்கள் கோடுகோடாக இறங்குகின்றன. தாய்க்கு மாதிரியாக அமர்ந்தவர் ஓவியரின் சொந்தத் தாய். இறந்த கிறிஸ்துவை மரியாள் மடியில் ஏந்தும் பழைய கிறிஸ்தவ ஓவிய மரபும் இதில் ஒலிக்கிறது. ஆனால் இந்தத் தாயின் கைகள் ஏற்கெனவே ஒரு வேலையை முடித்திருக்கின்றன. அவளே அவனைத் திரட்டிக் கொண்டுவந்தவள்.

வீரனைப் பற்றிய ஓவியத்தில் வீரன் பிணமாகக் கிடக்க, செயல் முழுவதும் தாயுடையது. சிதறிய உடலைச் சேர்க்கும் பிடிவாதத்தை, அழிக்கப்படலாம் என்று அஞ்சிய ஒரு மக்கள் தங்கள் கதையாக உணர்ந்ததில் ஆச்சரியமில்லை. கல்லேன்-கல்லேலாவின் படைப்புகளில் இதுவே உச்சம் என்பேன். வாளோங்கிய வைனாமொயினன் நம்மை உலுக்குகிறார், இந்தத் தாய் மனத்தைவிட்டு நகர மறுக்கிறாள்.

காலம் ஓவியத்துக்குள் நுழைகிறது

1898இல் ஜார் இரண்டாம் நிக்கலஸ், நிக்கொலாய் போப்ரிக்கோவ் என்பவரை ஃபின்லாந்தின் தலைமை ஆளுநராக அனுப்பினார். 1899 பிப்ரவரியில் வெளியான அரசாணை ஒன்று, ஃபின்லாந்துச் சட்டமன்றத்தின் ஒப்புதல் இல்லாமலேயே ரஷ்யச் சட்டங்களை அங்கே நடைமுறைப்படுத்தலாம் என்றது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் சில வாரங்களுக்குள் மனுவில் கையெழுத்திட்டார்கள். மனுவோடு போன தூதுக்குழுவை ஜார் சந்திக்க மறுத்துவிட்டார்.

அந்த ஆண்டில் வரையப்பட்டதுதான் 'குல்லர்வோவின் சாபம்'. மாடு மேய்க்கும் பையனுக்கு எஜமானி ரொட்டிக்குள் கல்லை வைத்துச் சுட்டுக் கொடுக்கிறாள். வெட்டும்போது கத்தி கல்லில் பட்டு உடைகிறது. தகப்பன் வழியில் அவனுக்கு மிஞ்சியிருந்த ஒரே பொருள் அந்தக் கத்தி. ஓவியத்தில் குல்லர்வோ காட்டு நடுவே முஷ்டியை உயர்த்தி வானத்தைச் சபிக்கிறான். அருகில் அவனுடைய நாய். முன்னோர் தந்த ஒன்றை உடைத்தவர்கள்மீது எழும் கோபம் 1899இல் யாருக்கு எதிரானது என்று எந்தப் பார்வையாளருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரஷ்யத் தணிக்கையாளரால் என்ன செய்ய முடியும்? பழைய கதையிலிருந்து ஒரு மேய்ப்பன், அவ்வளவுதான்.

1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஃபின்லாந்துக்குத் தனி அரங்கு கிடைத்தது. கெசெல்லியுஸ், லிண்ட்கிரேன், சாரினென் என்ற மூன்று இளம் கட்டடக் கலைஞர்கள் அதை எழுப்பினார்கள். மாடத்தின் உட்புறத்தில் கல்லேன்-கல்லேலா சுவரோவியங்கள் வரைந்தார். அவற்றுள் ஒன்று, இல்மரினன் பாம்புகள் நெளியும் வயலை உழுவது. காவியத்தின் 19ஆம் பாடலில் இது பெண் கேட்கப் போன மாப்பிள்ளைக்கு வைத்த சோதனை, அரசியல் வாடையே கிடையாது. ஓவியத்திலோ பாம்புகளில் ஒன்றின் தலையில் ரஷ்ய ஜார்களின் ரொமானோவ் வம்சத்தின் மணிமுடி. நம் நிலத்திலிருந்து இந்தப் பாம்புகளை உழுது வெளியேற்றுவோம் என்று, ரஷ்யாவின் நட்பு நாடான பிரான்சின் தலைநகரில், உலகத்தின் கண்ணெதிரே எழுதி வைத்தது போலத்தான் அது.

இந்த இடத்துக்கு வந்துவிட்டால் 1896இன் வாளும் புரியும். நெருக்கடி இன்னும் முற்றாத ஆண்டு அது. ஆனால் சம்போ என்ற சொல்லுக்குள், பறிபோகக்கூடிய நம் செல்வம் என்ற பொருள் ஏறத் தொடங்கிவிட்டது. பங்கிடலாமா என்று கேட்கும் கிழவரைவிட, விடமாட்டேன் என்று நிற்கும் கிழவர் வேண்டியிருந்தார். அதற்குத் துடுப்பைவிட வாள் பொருந்தியது.

வீரனுக்குள் அடங்காதவர்கள்

பழைய பாடலுக்குச் சொந்தக்காரர் யார்? லொன்ரொத் மிகச் செழிப்பான பாடல்களைக் கேட்ட வியேனா கரேலியா ஃபின்லாந்தில் இல்லை. அது ரஷ்யாவுக்குள் இருந்தது, இன்றும் ரஷ்யாவில்தான் இருக்கிறது. பாடியவர்கள் கரேலிய மொழி பேசிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். அவர்களுடைய பாட்டு லூத்தரன் சமயத்தைச் சேர்ந்த ஃபின்லாந்தின் தேசியக் காவியமானது. அர்ஹிப்பா பெர்த்துனென் தன் பாட்டு ஒரு நாட்டின் அடையாளமாகும் என்று நினைத்துப் பாடியிருக்க மாட்டார். தேசம் தன் வீரனைக் கொண்டாடும்போது அவனைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் அடிக்கடி பின்வரிசைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு இது உறுத்தலாகவே இருக்கிறது.

அதைவிட ஆபத்தான பக்கமும் உண்டு. பாட்டு எங்கே பாடப்பட்டதோ அந்த மண்ணும் நமதே என்று சிலர் வாதாடத் தொடங்கினார்கள். 'பெரும் ஃபின்லாந்து' என்ற அந்தக் கனவு 1918க்குப் பிறகு எல்லை தாண்டிய படையெடுப்புகளாகவும், 1941 முதல் 1944 வரை கிழக்குக் கரேலியாவை ஆக்கிரமித்ததாகவும் முடிந்தது. சோவியத் தரப்பும் காவியத்தை விட்டுவிடவில்லை. 1949இல் நூற்றாண்டு விழா ஹெல்சின்கியிலும் நடந்தது, சோவியத் கரேலியாவின் பெத்ரசவோத்ஸ்க் நகரிலும் நடந்தது. ஜெர்மனியில் இது இன்னும் கொடுமை. முதல் உலகப்போர்த் தோல்விக்குப் பிறகு தளபதி ஹிண்டன்பர்க், ஹாகன் என்பவன் வஞ்சகமாக எறிந்த ஈட்டிக்குப் பலியான பழைய ஜெர்மானியக் காவிய வீரன் சிக்ஃபிரீட் போல நம் போர்முனை சாய்ந்தது என்று எழுதினார். முதுகில் குத்தியது யார் என்று அந்தப் புராணம் கேட்கவைத்தது. பழியை யூதர்கள்மீதும் இடதுசாரிகள்மீதும் சுமத்தக் காத்திருந்தவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று.

ஒடுக்கப்பட்டவன் கையில் கேடயமாக இருந்த அதே வீரன், அதிகாரம் கிடைத்தவன் கையில் ஈட்டியாகிறான். எந்த ஓவியத்தைப் பார்த்தாலும் யார் வரைந்தது என்பதோடு, எப்போது, யாருக்கு எதிராக, யார் கையில் அதிகாரம் இருந்தபோது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

கல்லேன்-கல்லேலா 1907இல் தன் பெயரை ஃபின்னிஷ் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டார். அதற்கு முந்தைய ஆண்டில் பல்லாயிரம் குடும்பங்கள் ஸ்வீடிஷ் பெயர்களைக் கைவிட்டு அப்படியே செய்திருந்தன. 1917 டிசம்பர் 6 அன்று நாடு விடுதலை அறிவித்தது. கண்காட்சி முடிந்ததும் பாரிஸ் அரங்கு பிரிக்கப்பட்டதால் அழிந்த சுவரோவியங்களை 1928இல், மகன் யோர்மாவின் உதவியோடு, ஹெல்சின்கி தேசிய அருங்காட்சியகத்தின் நுழைவு மண்டபத்தில் அவர் மீண்டும் வரைந்தார். 1931இல் இறந்தார்.

இந்த ஓவியங்களைக் காவியத்தோடு சேர்த்துப் பார்க்கத் தமிழ் வாசகருக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. ஃபின்லாந்தில் வாழ்ந்த ஈழத்து எழுத்தாளர் உதயணன், இரா. சிவலிங்கம் என்ற இயற்பெயர் கொண்டவர், கலேவலாவைத் தமிழில் பெயர்த்தார். அது 1994இல் வெளிவந்தது. ஐனோ ஓவியத்துக்கு 4, 5ஆம் பாடல்கள். 'சம்போவைச் செய்தல்' என்ற 1893ஆம் ஆண்டு ஓவியத்துக்கு 10ஆம் பாடல். அதில் உலைத்தீயும் துருத்தி ஊதுபவர்களும் தெரிவார்கள், சம்போ மட்டும் கண்ணில் படாது. லெம்மின்கைனனின் தாய்க்கு 15. பாம்பு வயலுக்கு 19. குல்லர்வோவின் சாபத்துக்கு 33, அவனுடைய முழுக்கதைக்கு 31 முதல் 36 வரை. ஓவியத்தை முதலில் நன்றாகப் பார்த்துவிட்டு, பிறகு பாடலைப் படித்து, ஓவியர் எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள். 43ஆம் பாடலில் தொடங்குவது எளிது.